குழந்தைகளுக்கான கோடை கவுன்: கழுத்திலும் கை வளைவிலும் கிராஸ் பட்டி வைத்துத் தைக்கும் முறை

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மார்ச் பிறந்துவிட்டால் குழந்தைகளுக்குக் கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு கிளம்பிவிடும். கேரளப் பள்ளிகளுக்கு ஏப்ரலும் மேயும் விடுமுறை என்பதால், அந்த இரண்டு மாதமும் வீட்டில் போட்டுக்கொள்ளக் கையில்லாத பருத்தி கவுன்கள் சில கட்டாயம் வேண்டியிருக்கும். ஜிப், பொத்தான், லைனிங் எதுவும் இல்லாமல் தலைவழியாகப் போட்டுக் கழற்றும் கவுன் ஒன்றை இங்கே தைக்கப் போகிறோம். மிஷினில் நேராகத் தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் கடினமானது ஒன்றே ஒன்றுதான்: கழுத்திலும் கை வளைவிலும் சுருக்கம் விழாமல் கிராஸ் பட்டி (விளிம்பை மூடுவதற்காகத் துணியைச் சாய்வாக வெட்டி எடுக்கும் நீளத் துண்டு) வைப்பது. ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த வளைவுகளை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

துணியும் அளவும்

மல், கேம்ப்ரிக், பாப்ளின் போன்ற மெல்லிய பருத்தித் துணி நல்லது. பாலியெஸ்டர் கலந்த துணி வியர்வையை உறிஞ்சாது. அயன் செய்த மடிப்பும் அதில் நிற்பதில்லை. 44 அங்குல அகலமுள்ள துணியில் 60 சென்டிமீட்டர் போதும். பட்டிக்கு வேறு நிறத்தில் அரை மீட்டர் தேவைப்படும். பொள்ளாச்சிக்குப் போகிறவர்கள் கட்பீஸ் கடைகளில் தேடினால் இந்த அளவுத் துண்டுகள் குறைந்த விலையில் கிடைக்கும். பட்டித் துணி கவுன் துணியின் கனத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, அயன் செய்த பிறகே வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் கவுனும் பட்டியும் வேறு வேறு அளவில் சுருங்கும். அப்போது எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தாலும் வளைவு கோணிப்போகும்.

கீழே உள்ள அளவுகள் மார்புச் சுற்றளவு 21 அங்குலம் உள்ள, ஏறத்தாழ மூன்று வயதுக் குழந்தைக்கானவை. துணியின் இரண்டு கரைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடித்தால் இருபுறமும் ஒவ்வொரு மடிப்பு கிடைக்கும். ஒன்று முன்பக்கம், மற்றொன்று பின்பக்கம். மடிப்பிலிருந்து மேல் அகலம் 3½ அங்குலம். மேல்கோட்டிலிருந்து 4 அங்குலம் கீழே, அக்குள் மட்டத்தில் 6¾ அங்குலம். 20 அங்குலம் கீழே, அடிப்பகுதியில் 10 அங்குலம். மேல்முனையையும் அக்குள் புள்ளியையும் உள்நோக்கிய வளைவாக இணைத்தால் கை வளைவு கிடைத்துவிடும். கழுத்துக்கு மடிப்பின் மேல் முன்பக்கம் 1½ அங்குலமும் பின்பக்கம் ¾ அங்குலமும் இறக்கி வளைக்க வேண்டும். வேறு குழந்தைக்குத் தைப்பதானால் மார்புச் சுற்றளவோடு 4 அங்குலம் கூட்டி, நான்கால் வகுத்து, தையலுக்கு அரை அங்குலம் சேர்த்தால் அக்குள் அகலம் வந்துவிடும்.

வெட்டியவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், கழுத்து விளிம்பிலும் கை வளைவு விளிம்பிலும் கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒற்றைத் துணியின் மேலேயே ஒரு நேர்த்தையல் ஓட்டிவிடுங்கள். வளைவாக வெட்டிய விளிம்பு கையில் எடுக்கும்போதெல்லாம் இழுபட்டு அகன்றுவிடும். அதை இந்தத் தையல் தடுத்து நிறுத்தும். பட்டி வைத்த பின் இது வெளியில் தெரியாது.

பட்டியை வெட்டுதல்

துணியை நீளவாக்கில், பாவு நூல் போகும் திசையில் இழுத்துப் பாருங்கள், நீளாது. அகலவாக்கில், ஊடை நூல் திசையில் இழுத்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே, சரியாக 45 பாகைக் கோணத்தில் இழுத்தால் நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து துணி ரப்பர் போல நெகிழும். நேராக வெட்டிய பட்டி வளைவில் மடிந்து மடிந்து நிற்பதும், கிராஸாக வெட்டிய பட்டி வளைவோடு படிந்து போவதும் இதனால்தான். கோணம் சற்றுத் தவறினாலும் பட்டி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், தைக்கும்போது அதைச் சரிசெய்ய வழியில்லை. கடையில் பயஸ் டேப் என்று மடித்தே விற்பதையும் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றில் பல பாலியெஸ்டர் கலந்து விறைப்பாக இருப்பதால், குழந்தையின் அக்குளில் படும் இடத்துக்கு வீட்டில் வெட்டிய பருத்திப் பட்டியையே நான் பரிந்துரைப்பேன்.

முதன்முறை வெட்டுபவர்களுக்குக் கட்டம் போட்ட கைலித் துணி மிகவும் உதவும். கட்டம் நீளத்திலும் அகலத்திலும் சமமாக இருக்கிறதா என்று இஞ்சு டேப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சமமாக இருந்தால் கட்டங்களின் மூலைகளைத் தொட்டுக்கொண்டு ஸ்கேல் வைத்துச் சாக்பீஸால் கோடு இழுத்தாலே 45 பாகை கிடைத்துவிடும். தைத்து முடித்ததும் அந்தக் கட்டங்கள் சாய்சதுரங்களாகக் கழுத்தைச் சுற்றி வருவது தனி அழகு. கைலியில் சாயம் போகக்கூடும் என்பதால் கூடுதலாக ஒருமுறை அலசிவிடுவது நல்லது.

முதல் கோட்டிலிருந்து 1½ அங்குல இடைவெளியில் இணைகோடுகள் இழுத்து மூன்று பட்டிகள் வெட்டுங்கள். அரை மீட்டர் துணியில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 அங்குல நீளம் வரும். கழுத்துக்கு ஒன்று (முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டாக்கிக்கொள்ளலாம்), கைகளுக்கு ஒவ்வொன்று. பட்டியின் இரண்டு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து அயன் செய்து, பிறகு முழுவதையும் பாதியாக மடித்து மீண்டும் அயன் செய்தால், முக்கால் அங்குலத்தின் பாதி அகலமுள்ள நான்கு மடிப்புப் பட்டி தயாராகிவிடும். அயன் பாக்ஸை இழுத்துத் தேய்த்தால் பட்டி நீண்டு மெலியும் என்பதால் வைத்து அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

இனி அவசியம் செய்ய வேண்டிய ஒன்று. மடித்த பட்டியை அயன் மேசையில் கழுத்தின் வடிவத்துக்கே வளைத்து வைத்து, மூடிய மடிப்பு வளைவின் உள்பக்கமும் திறந்த ஓரங்கள் வெளிப்பக்கமும் இருக்குமாறு பிடித்துக்கொண்டு, ஈரத் துணியை மேலே போட்டு அழுத்துங்கள். ஆறும்வரை அசைக்காதீர்கள். மேசையிலேயே வளைந்துவிட்ட பட்டியை மிஷினில் வளைக்க வேண்டியதில்லை.

கழுத்து

பட்டியின் ஒரு மடிப்பை மட்டும் திறந்து, அதன் ஓரத்தைக் கவுனின் உள்பக்கக் கழுத்து விளிம்போடு சேர்த்து வையுங்கள். முதலில் உள்பக்கம் தைத்து, பின் வெளிப்பக்கம் மடித்தால் கடைசித் தையல் கண்ணெதிரே விழும். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இந்த வரிசைதான் பாதுகாப்பானது. கழுத்து உட்குழிந்த வளைவு. தையல் விழும் கோட்டைவிடப் பட்டியின் மூடிய மடிப்பு நிற்கும் விளிம்பு நீளம் குறைந்தது. ஆகவே பட்டியைத் தளர்வாக வைத்தால் அந்த விளிம்பில் துணி மிஞ்சி அலையடிக்கும். குழந்தை குனியும்போது கழுத்து திறந்து நிற்கும். எட்டு அங்குல வளைவுக்குக் கால் அங்குலம் குறைவான பட்டியை மெல்ல இழுத்து நிரவ வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் கவுன் துணி சுருங்கும். வெளிநோக்கிய வளைவு உள்ள வேறு உடையானால் முறை நேர்மாறானது, அங்கே பட்டியை இழுக்காமல் தளர்த்தி ஊட்ட வேண்டும்.

குண்டூசிகளை அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்தி, கையால் ஓட்டுத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு, அயன் மடிப்பின் பள்ளத்திலேயே மிஷின் தையல் ஓட்டுங்கள். பிறகு பட்டியை வெளிப்பக்கம் கவிழ்த்து, முதல் தையலை மறைக்குமாறு நூலிழை அளவு தாண்டி வைத்து, மீண்டும் ஓட்டுத் தையல் போட்டு விளிம்போரமாகத் தைக்க வேண்டும். பட்டியில் சாய்வான முறுக்குச் சுருக்கங்கள் தெரிந்தால், மிஷினின் பாதம் மேல்துணியை முன்னே தள்ளியிருக்கிறது என்று பொருள்; ஓட்டுத் தையலைத் தவிர்த்தவர்களுக்கே இது பெரும்பாலும் நேரும்.

கை வளைவும் தோள்பட்டியும்

முன்னும் பின்னும் கழுத்து முடிந்த பிறகு பக்கங்களை இணைக்கலாம். உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்துக் கால் அங்குலத்தில் தைத்து, ஓரத்தைக் கத்தரித்து, துணியைப் புரட்டி மீண்டும் கால் அங்குலத்தில் தைத்தால் பிசிர் உள்ளே அடைபட்டுவிடும். குழந்தையின் தோலில் எதுவும் உறுத்தாது.

இந்த வகைக் கவுனுக்குப் பலர் தோளில் முடிச்சுப் போடும் நீண்ட நாடாக்களை விடுவார்கள். சிறு குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுகயிறே கூடாது என்று ஐரோப்பாவின் இ.என். 14682 தரநிலை சொல்கிறது. ஊஞ்சலிலோ கதவுக் கைப்பிடியிலோ சிக்கி இழுபடும் ஆபத்தே காரணம். எனவே கை வளைவுப் பட்டியையே தோளுக்கு மேல் தோள்பட்டியாக நீட்டி வளையமாக மூடிவிடுவோம்.

இஞ்சு டேப்பை நிமிர்த்தி, அதன் ஓரம் துணியில் படுமாறு நிறுத்திக் கை வளைவு முழுவதையும் அளந்துகொள்ளுங்கள். அதோடு தோளுக்கு 4 அங்குலமும் ஒட்டுத் தையலுக்கு அரை அங்குலமும் கூட்டி, இழுத்து நிரவுவதற்காகக் கால் அங்குலம் கழியுங்கள். பட்டியின் இரு முனைகளையும் நூலோட்டத்தின் திசையில் சாய்வாக வெட்டி, வெளிப்பக்கங்கள் சேருமாறு வைத்துத் தைத்து, தையலை விரித்து அயன் செய்யுங்கள். சாய்வு ஒட்டில் கனம் ஒரே இடத்தில் குவியாது. அந்த ஒட்டு பக்கத் தையலுக்கு ஓர் அங்குலம் தள்ளி, முதுகுப்பக்கம் வரட்டும்.

தோளுக்கான 4 அங்குலத்தைச் சாக்பீஸால் குறித்து, முன் மூலையையும் பின் மூலையையும் அந்தக் குறிகளில் பொருத்துங்கள். இங்கே வளைவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மேலே ஏறக்குறைய நேராக வருவதால் அங்கே பட்டியை இழுக்கவே கூடாது. அக்குளை ஒட்டிய அடிவளைவில்தான் இழுக்க வேண்டும். மற்றவை கழுத்துக்குச் சொன்னபடியே. கழுத்துப் பட்டியின் வெட்டிய முனைகள் இந்தப் பட்டிக்குள் மறைந்துவிடும். கடைசித் தையலை அக்குளில் தொடங்கி, தோள்பகுதியில் வெறும் பட்டியின் மேலேயே ஓட்டி, தொடங்கிய இடத்தில் முடியுங்கள்.

அடிமடிப்பு

அடியை உடனே மடிக்காமல் கவுனை ஓர் இரவு ஹாங்கரில் தொங்கவிடுங்கள். பக்கங்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் அங்கே துணி சற்று இறங்கும். காலையில் கீழ்விளிம்பைச் சமமாக்கி, அரை அங்குலம், பிறகு ஓர் அங்குலம் என இருமுறை மடித்துத் தைத்து, வளைவுகளை உள்பக்கத்திலிருந்து ஒருமுறை அயன் செய்தால் கவுன் போடத் தயார்.