தார்சாவில் ஒரு கலைக்கூடம்: ஊருக்குப் போகுமுன் பத்திரத்தைப் பாருங்கள்

பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டைத் தெருப் பிள்ளைகளுக்குப் பயன்படச் செய்யலாம் என்ற எண்ணத்தோடு திருநெல்வேலிக்குப் போகிறவர்கள், வேறெதற்கும் முன்னால் பத்திர வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். நான் அதைக் கடைசிக்கு விட்டுவிட்டேன்.

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுத் தார்சாவை, அதாவது முன்கூடத்தை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான சிறு கலைக்கூடமாக்க விரும்பினேன். அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு, பத்தமடைக் கோரைப்பாய், காருகுறிச்சி மண்பாண்டம் என்று பொருள்கள் இரண்டே நாளில் சேர்ந்துவிட்டன. அந்த வயதுப் பிள்ளைகள் கையால்தான் பார்ப்பார்கள் என்பதால் கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்றும், பலகைகள் இரண்டடி உயரத்தைத் தாண்டக் கூடாது என்றும் தச்சரிடம் சொல்லியிருந்தேன். கட்டைவிரல் பருமனுள்ள சொப்புக் குழவி ஒன்றை எதிர்வீட்டுச் சிறுமி எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு அரக்குப் பூச்சின் வழுவழுப்பைக் கன்னத்தில் உருட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

வீடு எனக்கும் தங்கைக்கும் பொது. தெருப் பெண்கள் கலைக்கூடத்தைத் தொடர்ந்து நடத்த வேண்டுமானால் எழுத்து மூலமான குத்தகை வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும். டொராண்டோவில் இருக்கும் தங்கை, தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தைச் சித்தப்பா முகவரிக்கு அனுப்பியிருந்தாள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதை எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. சித்தப்பா உறையைப் பிரிக்காமல், வீட்டுச் சாவியோடு பீரோவில் ஐந்து மாதம் பத்திரமாக வைத்திருந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் நான்கு நாள் மேசைக்கு மேசை அலைந்தேன். தபால் முத்திரைத் தேதியைப் பார்த்தவர், புதிதாக எழுதி வாங்கி வரச் சொல்லி உறையைத் திருப்பித் தந்தார். உறையை ஒருபோதும் எறிந்துவிடாதீர்கள். பத்திரம் வந்த நாளுக்கு அதுதான் சாட்சி.

அன்று மாலை ஆத்திரத்தில் சித்தப்பாவிடம் குரலை உயர்த்தினேன். “பதினொரு வருஷமா இந்தச் சாவிய நாந்தான் வச்சிருக்கேன். என்ன செய்யப் போறன்னு ஒரு வார்த்தை சொன்னியாடே?” என்றார். சொல்லவில்லை. அப்பாவின் திவசங்களையும் அவர்தான் அந்த வீட்டில் செய்து வந்தார். பத்திரம் எழுதுமுன் சாவி வைத்திருப்பவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். தொலைபேசியில் பேசி முடிக்கும் காரியமன்று அது.

தங்கை புதுப் பத்திரம் எழுதிவிட்டாள். இம்முறை நானே கையில் கொண்டுபோகிறேன். சொப்புகள் தார்சாவில் பெட்டிக்குள் இருக்கின்றன. சாயங்காலம் சித்தப்பா சன்னலைத் திறந்து, கம்பி வழியே ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் கையில் கொடுத்து, விளக்கு வைக்குமுன் எண்ணி வாங்கி வைக்கிறாராம்.