பிள்ளைப் பராமரிப்புப் பணம்: குடும்ப வருமானத்தையும் பெனிபிட்டையும் குழப்பிக்கொள்வதால் நேரும் தவறுகள்

பிரிட்டனில் மணமுறிவுக்குப் பின் பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாய்மார் பலர், பிரிந்துபோன பெற்றோர் பிள்ளைக்குத் தர வேண்டிய பணத்தைக் கணக்கிடும் அரசு அலுவலகமான சைல்ட் மெயின்டெனன்ஸ் சர்வீஸிலிருந்து வந்த கடிதத்தை மேசையில் விரித்துவைத்து முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "என் சம்பளம் கூடினால் அவர் தரும் காசு குறைந்துவிடுமா?" குறையாது. பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவருடைய வருமானம் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. அவர் பகுதிநேரம் வேலை செய்தாலும், மருத்துவராக இருந்தாலும், மறுமணம் செய்துகொண்டு புதுக் கணவரின் வீட்டுக்குப் போனாலும் தொகை அதேதான். இது தெரியாமல் கூடுதல் மணிநேர வேலையை வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வீணான இழப்பு.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரியக்கூடியதே. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் வீட்டைப் பார்க்கிறது. கணவன், மனைவி இருவரின் சம்பளத்தையும் சேமிப்பையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் அது தொகையை முடிவு செய்கிறது. அந்தப் படிவங்களையே ஆண்டுக்கணக்கில் நிரப்பிப் பழகியவர்கள், அரசாங்கத்தின் எல்லாக் கணக்கும் வீட்டுக் கணக்குதான் என்று எண்ணிவிடுகிறார்கள். பராமரிப்புக் கணக்கோ வீட்டைப் பார்ப்பதில்லை. பணம் செலுத்த வேண்டிய ஒரே ஒருவரின் வரிக்கு முந்தைய வாராந்திர வருமானத்தை, கடைசியாகக் கிடைத்த வரி ஆண்டின் பதிவிலிருந்து வருமான வரித் துறையிடம் கேட்டு வாங்கி, ஓய்வூதியத்துக்குக் கட்டியதைக் கழித்துவிட்டு, மீதியின்மேல் விழுக்காடு போடுகிறது.

வாரம் 200 பவுண்டிலிருந்து 800 பவுண்டு வரையான வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 12 விழுக்காடு, இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 19. வாரம் 500 பவுண்டு உழைப்பவர் ஒரு பிள்ளைக்கு 60 பவுண்டு தர வேண்டும். 800-க்கு மேல் உள்ள பகுதிக்கு விழுக்காடு முறையே 9, 12, 15 எனக் குறையும். 3,000-க்கு மேல் உள்ள வருமானத்தை இந்தக் கணக்கு தொடாது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டும்.

செலுத்துபவரின் புது மனைவி சம்பாதிப்பதும் கணக்கில் வராது. "அவர்கள் இரண்டு சம்பளக்காரர்கள், எனக்கு இதுதானா?" என்று கோபப்பட்டு மேல்முறையீடு எழுதுவதில் பயனில்லை. ஆனால் அந்த வீடு இரண்டு வழிகளில் கணக்குக்குள் நுழைகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். புது மனைவியின் பிள்ளை ஒன்று அந்த வீட்டில் வளர்ந்தால், செலுத்துபவரின் வருமானத்தில் 11 விழுக்காடு முதலில் தள்ளுபடியாகும். 500 பவுண்டு 445 ஆகி, 60 பவுண்டு 53 பவுண்டு 40 பென்ஸாக இறங்கும். இரண்டாவது வழி பெனிபிட், அதாவது அரசு உதவித்தொகை. அவரோ அவருடைய துணையோ குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துத் தரும் உதவி பெற்றால், வாரம் 7 பவுண்டு என்ற ஒரே நிலையான தொகைதான். இயலாதவரைக் கவனித்துக்கொள்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ், அரசு ஓய்வூதியம் ஆகியவற்றை அவர் பெற்றாலும் அப்படியே.

யூனிவர்சல் கிரெடிட்டில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். "அவர் கிரெடிட்டில் இருக்கிறார், ஏழு பவுண்டுக்கு மேல் கிடைக்காது" என்று உறவினர் சொல்ல, அதை நம்பி விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். செலுத்துபவருக்கு உழைப்பு வருமானம் எதுவும் இல்லை என்ற அடிப்படையில் யூனிவர்சல் கிரெடிட் கணக்கிடப்பட்டால் மட்டுமே அந்த 7 பவுண்டு பொருந்தும். கிடங்கிலோ கடையிலோ வேலை செய்துகொண்டு, சம்பளம் போதாததால் கிரெடிட்டும் பெறுபவருக்குச் சம்பளத்தின்மேல் வழக்கமான கணக்குதான். பிப் எனப்படும் இயலாமைக்கான உதவித்தொகையும் அப்படித்தான்: அது வருமானமாகச் சேராது, அதைப் பெறுவதாலேயே தொகை 7 பவுண்டாகவும் ஆகிவிடாது.

சொந்தமாகக் கடையோ பெட்ரோல் நிலையமோ கம்பெனி பெயரில் நடத்துபவர்கள் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கம்பெனி இயக்குநர் தமக்கு ஆண்டுக்கு 12,570 பவுண்டு மட்டும் சம்பளமாக எடுத்துக்கொண்டு, 30,000 பவுண்டைப் பங்காதாயமாக எடுத்தால், முதல் கடிதம் அந்தச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்கு வாரம் சுமார் 29 பவுண்டு என்றுதான் வரும். பங்காதாயம், வாடகை, வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 2,500 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் அதையும் சேர்க்கும்படி "வேரியேஷன்" எனப்படும் கணக்கு மாற்றம் கேட்கலாம். சேர்த்தால் அதே பிள்ளைக்கு வாரம் சுமார் 97 பவுண்டு வரும். தொகை மூன்று மடங்குக்கு மேல் உயரும் இந்த இடத்தில் அலுவலகம் தானாகக் கேட்கும் என்று காத்திருக்கக் கூடாது. பெறுபவர்தான் கேட்க வேண்டும்.

பெறுபவர் தரப்பில் இன்னொரு பயம்: பராமரிப்புப் பணம் வந்தால் யூனிவர்சல் கிரெடிட் வெட்டப்படும் என்பது. அந்தப் பணம் கிரெடிட்டில் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை, வரியும் இல்லை. உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸில் கிடைக்கும் தள்ளுபடி மட்டும் அந்தந்தக் கவுன்சிலின் விதியைப் பொறுத்தது, கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பயத்தால் சிலர் மாதாமாதம் காசை உறையில் வாங்கிக்கொள்கிறார்கள். பின்னால் "நான் கொடுத்தேன்", "நீ கொடுக்கவில்லை" என்று வந்தால் இருவர் கையிலும் ஆதாரம் இராது. வங்கி மூலம் நேரடியாக அனுப்புவதற்குக் கட்டணமே இல்லை. விண்ணப்பத்துக்கு இருந்த 20 பவுண்டுக் கட்டணமும் 2024 பிப்ரவரியில் நீக்கப்பட்டுவிட்டது. அலுவலகமே வசூலித்துத் தர வேண்டுமென்றால்தான் செலுத்துபவர் 20 விழுக்காடு கூடுதலாகக் கட்ட, பெறுபவருக்கு 4 விழுக்காடு குறையும்.

பிள்ளை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிபிட்டுக்கு விண்ணப்பிக்காமல் விடுவதும் தவறு. பிள்ளை முதன்மையாக யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு அலுவலகம் பெரும்பாலும் அதைத்தான் சான்றாகப் பார்க்கிறது. 2024 ஏப்ரல் முதல், ஆண்டு வருமானம் 60,000 பவுண்டைத் தாண்டியவரிடம் அந்த உதவி வரியாகச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறப்படுகிறது, 80,000-இல் முழுவதும் போய்விடுகிறது. எப்படியும் திருப்பிக் கட்ட வேண்டியதுதானே என்று படிவத்தையே போடாமல் விடுகிறார்கள் ஐ.டி. துறையில் இருக்கும் நம்மவர் சிலர். பணம் வேண்டாம் என்று குறித்துவிட்டுப் படிவத்தைப் போடலாம். பதிவு இருந்தால் போதும்.

இரவுகளை எண்ணுவதில் இரு தரப்பும் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை செலுத்துபவர் வீட்டில் ஆண்டுக்கு 52 இரவு தங்கினால் ஏழில் ஒரு பங்கு குறையும்: 60 பவுண்டு 51 பவுண்டு 43 பென்ஸ் ஆகும். 104 இரவுக்கு ஏழில் இரண்டு, 156 இரவுக்கு ஏழில் மூன்று. பெனிபிட் காரணமாக 7 பவுண்டு செலுத்துபவர் வீட்டில் 52 இரவு தங்கினாலோ ஒன்றுமே வராது. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டிய நாள்காட்டியில், மகன் அப்பா வீட்டில் தூங்கிய ஒவ்வொரு சனிக்கிழமையையும் அம்மா நீல மையில் வட்டமிட்டு வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் வராத வாரங்கள் வெறுமையாக இருந்தன. எண்ணிப் பார்த்தால் 47. "வாரம் ஒரு நாள் வருவான்" என்று வாயால் சொல்லியிருந்தால் அது 52 ஆகியிருக்கும்.

செலுத்துபவர்கள் செய்யும் தவறு, வாடகை, கார் கடன், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் காசு ஆகியவை கழிக்கப்படும் என்று நம்புவது. அவை கழிக்கப்படுவதில்லை. வருமானம் மாறினாலும், பழைய தொகையோடு ஒப்பிட்டால் 25 விழுக்காடாவது வேறுபட வேண்டும்: 500 பவுண்டு வாங்கியவர் 375-க்கு இறங்கினால் கணக்கு மாறும், 400-க்கு இறங்கினால் அடுத்த ஆண்டு மறுஆய்வு வரை மாறாது. வேலை போனால் அன்றே சொல்ல வேண்டும். தெரிவித்த நாளிலிருந்துதான் பொதுவாகத் தொகை மாறும், அதற்கு முந்தைய வாரங்கள் பாக்கியாக நிற்கும்.

விசாவில் பொதுநிதி பெறத் தடை உள்ள தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சைல்ட் பெனிபிட்டும் யூனிவர்சல் கிரெடிட்டும் அந்தத் தடைக்குள் வருபவை. பராமரிப்புப் பணம் அப்படியல்ல, அது தகப்பன் தன் பிள்ளைக்குத் தருவது. ஆனால் அவர் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ நிரந்தரமாகத் திரும்பிவிட்டால், பிரிட்டிஷ் அரசுப் பணியிலோ பிரிட்டிஷ் நிறுவனத்துக்காகவோ வெளிநாட்டில் இருப்பவர் போன்ற சிலரைத் தவிர, இந்த அலுவலகத்தால் கணக்கிட முடியாது.

கடிதம் வந்ததும் உறையைத் தூக்கி எறியாமல், மேலே அச்சிட்ட தேதியையும் உள்ளே உள்ள வருமானத் தொகை, பிள்ளைகளின் எண்ணிக்கை, இரவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சரிபாருங்கள். ஏதேனும் பிழை என்றால் மறுபரிசீலனை கேட்க 30 நாள் இருக்கிறது. அதன் முடிவும் சரியில்லை என்றால்தான் தீர்ப்பாயம்.