பழைய மேட்ச்பாக்ஸ் காரைச் சுத்தம் செய்து புதுப்பிப்பது எப்படி?

பரணில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ ஒரு குட்டி இரும்புக் கார் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பெயிண்ட் உரிந்திருக்கிறது, சக்கரம் சுற்ற மறுக்கிறது, கண்ணாடி மங்கிவிட்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் ‘லெஸ்னி, மேட் இன் இங்கிலாந்து’ என்று இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று முதல் படியிலிருந்து பார்க்கலாம்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வது வேறு, புதுப்பிப்பது வேறு. அழுக்கை எடுத்தால் காருக்கு எந்த இழப்பும் இல்லை. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்டை உரித்துவிட்டால் அது போனது போனதுதான். பாதிக்கு மேல் பெயிண்ட் ஒழுங்காக இருக்கும் காரை நான் உரிக்கவே மாட்டேன். சேகரிப்பவர்களும் கொஞ்சம் தேய்ந்த அசல் காருக்குக் கொடுக்கும் மதிப்பைப் பளபளக்கும் மறுபெயிண்ட்டுக்குக் கொடுப்பதில்லை. அதனால் மூன்றாம் படி முடிந்ததும் ஒரு முறை நிறுத்தி யோசியுங்கள். பெரும்பாலான கார்களுக்கு அதுவரை போனாலே போதும்.

1. கையில் இருப்பது எந்தக் காலத்துக் கார்?

மேட்ச்பாக்ஸ் கார்களைத் தயாரித்த லெஸ்னி, 1947இல் லண்டனில் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் பங்காளிகளில் ஒருவர் ஜாக் ஓடெல். அவருடைய மகளின் பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்தது. மகளுக்காக அவர் பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953இல் மேட்ச்பாக்ஸ் வரிசை விற்பனைக்கு வந்தபோது அதன் முதல் எண்ணும் ரோடு ரோலருக்குத்தான்.

காலத்தைக் கண்டுபிடிக்கச் சக்கரத்தைப் பாருங்கள். ஆரம்பகாலக் கார்களுக்கு உலோகச் சக்கரம். 1950களின் பிற்பகுதியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வந்தது, 60களில் கறுப்புப் பிளாஸ்டிக். 1968இல் அமெரிக்காவின் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் வந்து சந்தையை ஆட்டம் காண வைத்ததும், 1969இல் லெஸ்னி மெல்லிய அச்சும் வேகமாகச் சுழலும் சக்கரமும் வைத்து ‘சூப்பர்ஃபாஸ்ட்’ வரிசையை இறக்கியது. 1982இல் நிறுவனம் திவாலானது. ஒரே மாடலில்கூடச் சக்கரத்தின் நிறத்தைப் பொறுத்து விலை மாறும். அதனால் எந்தச் சக்கரம் என்று தெரியாமல் மாற்றிவிடாதீர்கள்.

இதே முறைகள் டிங்கி, கார்கி என்ற மற்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார்களுக்கும் பொருந்தும். டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, அங்கே ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. அப்படி ஒன்று கிடைத்தால் முடிந்தவரை அப்படியே வைத்திருங்கள். அது நம் நாட்டில் செய்த பொருள், அதன் கரடுமுரடான பெயிண்ட்டும் அதன் வரலாறுதான்.

2. உலோகம் நலமா என்று பாருங்கள்

இரும்புக் கார் என்று நாம் சொன்னாலும் உள்ளே இரும்பு இல்லை. துத்தநாகத்தோடு ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியமும், கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் சேர்த்து உருக்கி அச்சில் வார்த்த உலோகம் அது. அச்சுக்கம்பி மட்டும்தான் இரும்பு. துரு பிடிப்பதும் அதில்தான்.

இந்தக் கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டாலும் உள்ளுக்குள்ளேயே அரிப்பு தொடங்கிவிடும். உலோகம் உப்பும், வளையும், மேற்பரப்பில் முடி போன்ற விரிசல்கள் ஓடும், கடைசியில் பொடிப்பொடியாக உதிரும். 1930களின் டிங்கி கார்களில் இது அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லெஸ்னி கார்களில் அரிது. இதற்கு மருந்து கிடையாது. பக்கத்துக் காருக்கும் ஒட்டாது. விரிசல் தெரிந்தால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, ஈரம் படாமல் வைத்துவிடுங்கள். துளை போடவோ தட்டவோ வேண்டாம்.

3. கழுவுதல்

தேவையானவை: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு, மெல்லிய முள் கொண்ட பழைய டூத் பிரஷ், காது குடையும் பட்ஸ், பல்குச்சி, பருத்தித் துணி.

காரில் ஸ்டிக்கர் இருந்தால் தண்ணீரில் முக்காதீர்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு ஈர பட்ஸால் சுற்றித் துடையுங்கள். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் ஊறவைத்து, பிரஷ்ஷை அழுத்தாமல் தேய்க்கலாம். கதவு இடுக்கு, முகப்புக் கம்பி, அடித்தளத்து எழுத்து இங்கெல்லாம் பல்குச்சிதான் வேலை செய்யும். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் தலைமுடியும் கம்பள நூலும் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரம் ஓடாததற்குப் பாதி நேரம் காரணம் இதுதான். ஊசியால் நெம்பி, இடுக்கியால் இழுத்து எடுங்கள்.

கழுவியதும் துணியில் ஒற்றி, ஃபேன் காற்றில் ஒரு நாள் விடுங்கள். அப்புறம் பல்குச்சி முனையில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு அச்சில் ஒரே ஒரு சொட்டு. அதிகமானால் தூசியை இழுக்கும்.

நம் வீடுகளில் பித்தளை என்றால் உடனே புளி, எலுமிச்சை என்று கை போகும். இங்கே வேண்டாம். துத்தநாகத்தைப் புளிப்பு எதுவானாலும் அரிக்கும், வினிகர் உட்பட. காஸ்டிக் சோடாவும் கூடாது. பெயிண்ட் சுலபமாக உரிகிறது என்று சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது பெயிண்ட்டோடு நிற்காது, உலோகத்தையும் கரைத்துக் கறுப்பாக்கிவிடும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பெயிண்ட்டையும் பிளாஸ்டிக்கையும் ஒரு சேரக் கெடுக்கும்.

இப்போது காரை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்க நன்றாக இருந்தால் இதோடு நிறுத்துங்கள். பெயிண்ட் முக்கால்வாசி போய்விட்டது, அல்லது யாரோ வீட்டுப் பெயிண்ட்டைப் பூசிவைத்திருக்கிறார்கள் என்றால் மட்டும் மேலே போகலாம்.

4. ரிவெட்டைத் திறப்பது

தொடங்குபவர்கள் பயப்படும் இடம் இது. நிதானமாகச் செய்தால் பயம் வேண்டியதில்லை.

காரின் மேல்பகுதியிலிருந்து ஒரு சிறு தூண் கீழே இறங்கி, அடித்தளத்துத் துளை வழியாக வெளியே வரும். தொழிற்சாலையில் அதன் முனையை நசுக்கி, காளான் குடை போல விரித்துவிடுவார்கள். இதுதான் ரிவெட். அந்தக் குடைதான் தளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் எடுக்க வேண்டியது குடையை மட்டும். தூண் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காரைத் துணியில் சுற்றி, கவிழ்த்து, சிறிய வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடியுங்கள். பிடி இறுக்கமாக இருக்கலாம், நசுக்கக் கூடாது. குடையின் சரியான மையத்தில் சென்டர் பஞ்ச் (கூர்முனை கொண்ட உலோகக் கம்பி) வைத்து லேசாக ஒரு தட்டு. இந்தக் குழி இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கி, அடித்தள எழுத்தின் மேல் கோடு இழுத்துவிடும்.

குழியில் 1.6 மில்லிமீட்டர் பிட்டை வைத்து, மெஷினை மெதுவான வேகத்தில் ஓட்டி, 4 மில்லிமீட்டர் ஆழம் துளையுங்கள். பிட்டில் அந்த அளவுக்கு ஒட்டும் டேப் சுற்றிவைத்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். சில மாடல்களில் தூண் குட்டை, அதற்கு ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே துளையின் வாயில் தூணைவிடக் கொஞ்சம் பெரிய பிட்டை வையுங்கள், பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். அதை அழுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவிடுங்கள். வெள்ளிச் சுருள்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் குடை ஒரு குட்டி வளையமாகக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். உடனே நிறுத்துங்கள். தளத்தின் ஓரத்தில் நகத்தை விட்டுத் தூக்கினால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் குடை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீர்கள்.

1.6 மில்லிமீட்டர் துளை ஏன் என்றால், 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு மரை போட அந்த அளவுதான் தேவை. பூட்டும்போது ஒரு சின்ன ஸ்க்ரூ போதும், பசை தேவைப்படாது. மரை வெட்டும் ‘டேப்’ என்ற கருவியை எண்ணெய் தொட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்புங்கள். துத்தநாகம் மிருதுவானது, அவசரப்பட்டால் தூண் பிளந்துவிடும்.

சில மாடல்களில் சக்கரமும் அச்சும் தளத்தோடு சேர்ந்து கழன்றுவிடும். சிலவற்றில் அச்சு மேல்பகுதியின் துளை வழியாகப் போயிருக்கும், அதை எடுக்க ஒரு முனையை அரத்தால் ராவ வேண்டும். முதல் காருக்கு முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள். கழன்றதையெல்லாம் மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள்.

5. பெயிண்ட்டை உரிப்பது

பழைய பொம்மைகளின் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவே பொம்மைகளில் ஈயப் பெயிண்ட்டைத் தடை செய்தது 1978இல்தான். அதனால் பழைய பெயிண்ட்டை ஒருபோதும் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துப் பொடியாக்காதீர்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், சமையலறையும் வேண்டாம். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஜெல் வகைப் பெயிண்ட் ரிமூவர் போதும். அதன் ஆவி மூச்சுக்கு ஆகாது, தோலில் பட்டால் சுடும். மொட்டைமாடியிலோ திறந்த வாசலிலோ, காற்று ஓடும் இடத்தில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பலூன் மாதிரியான மெல்லிய கையுறை சில நிமிடங்களில் கரைந்துவிடும். தடிமனான, ரசாயனம் தாங்கும் கையுறையாகக் கேட்டு வாங்குங்கள்.

உலோகப் பகுதியை மட்டும் கண்ணாடி ஜாடியில் போட்டு, ஜெல்லைத் தடவி, மூடியை லேசாக வைத்து, கால் மணி நேரம் விடுங்கள். பெயிண்ட் சுருங்கிக் கிளம்பும். பழைய டூத் பிரஷ்ஷால் அதை ஒரு செய்தித்தாளில் தள்ளுங்கள். இடுக்கில் ஒட்டியிருந்தால் மறுபடி ஒரு முறை தடவுங்கள். கழிவைத் தாளோடு மடித்துக் கட்டி, ரசாயனக் கழிவாகத் தனியே ஒதுக்குங்கள். வாஷ்பேசினில் ஊற்ற வேண்டாம்.

பிறகு சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பித்தளை முள் பிரஷ்ஷால் தேய்த்தால் உலோகம் வெள்ளியாக மின்னும். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. வார்ப்பு அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்தின் மெல்லிய கோடுகளை ராவி எடுக்க ஆசை வரும். அவை தொழிற்சாலை அடையாளங்கள், விட்டுவிடுங்கள்.

6. பிரைமர், பெயிண்ட்

துத்தநாகத்தில் நேராகப் பெயிண்ட் அடித்தால் நகம் பட்டாலே உரியும். உலோகப் பிரைமர் (அடிப்பூச்சு) கட்டாயம், சாம்பல் நிறம் நல்லது. ஸ்ப்ரே டின்னைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவையுங்கள் (கொதிநீர் ஆபத்து). பெயிண்ட் சீராக வரும். காரை ஒரு கம்பியில் மாட்டி, 25 செ.மீ. தூரத்தில் ஸ்ப்ரேயைக் காருக்கு ஒரு பக்கம் தள்ளி ஆரம்பித்து, மறுபக்கம் தாண்டி முடியுங்கள். முதல் பூச்சில் உலோகம் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சுகள் போட்டால், தடித்த ஒரு பூச்சைவிட நன்றாக இருக்கும். கதவுக் கோடும் முகப்புக் கம்பியும் மூழ்காமல் இருப்பது முக்கியம்.

நாளைப் பார்த்து அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் காற்றின் ஈரத்தில் பெயிண்ட் வெள்ளை பூக்கும். சித்திரை உச்சி வெயிலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரக்கும். காலை ஒன்பது, பத்து மணிதான் சரி. நிறத்துக்குக் காரின் உள்ளே தூணைச் சுற்றிப் பாருங்கள். வெயிலே படாத அசல் பெயிண்ட் அங்கே ஒளிந்திருக்கும், உரிக்குமுன் அதைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் காய்ந்ததும் விளக்குக்கும் பம்பருக்கும் பல்குச்சி முனையால் வெள்ளிப் பெயிண்ட் தொட்டுவைக்கலாம்.

7. கண்ணாடி, சக்கரம், பூட்டுதல்

மங்கிய பிளாஸ்டிக் கண்ணாடியை 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (மிக நைசான உப்புத்தாள்) தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்து, வெள்ளை டூத்பேஸ்ட்டைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். ஜெல் பேஸ்ட் உதவாது. அச்சின் துருவை எண்ணெய் தொட்ட நைசான உப்புத்தாளால் எடுக்கலாம். டிங்கி, கார்கியின் ரப்பர் டயர் கெட்டிப்பட்டிருந்தால் மாற்று டயர் விலைக்குக் கிடைக்கிறது.

பூட்டும் வரிசை: கண்ணாடி, உள் இருக்கை, சக்கரம், தளம், கடைசியாக ஸ்க்ரூ. கையால் இறுகும் வரை போதும்.

தளத்தின் உள்பக்கம் மார்க்கரால் ‘மறுபெயிண்ட்’ என்றும் ஆண்டையும் எழுதிவிட்டு மூடுங்கள். நாளை அது யார் கைக்குப் போனாலும் அசல் என்று நம்பி ஏமாறக் கூடாது. விற்பதானால் விளம்பரத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். செய்த கார்களைக் கண்ணாடி அலமாரியில் நேர் வெயில் படாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் அந்தப் பாக்கெட்டை மாதம் ஒரு முறை மாற்றுவது நல்லது.