"அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று குடும்பம் கேட்டால்

கேன்சர் என்று பயாப்சி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்த அன்றே, வார்டு வாசலில் மகனோ மருமகனோ டாக்டரை மறித்து இப்படிக் கேட்பது நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வழக்கம். பாசத்தில்தான் கேட்கிறார்கள். அதற்காக டாக்டரான நீங்கள் தலையாட்டிவிடக் கூடாது. "சொல்லியே ஆகணும்" என்று வெட்டிப் பேசவும் கூடாது.

முதலில் அவர்களோடு பத்து நிமிஷம் உட்காருங்கள். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேளுங்கள். மனசு விட்டுடுவார், சாப்பாட்டை நிறுத்திடுவார் என்பார்கள். குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "ராத்திரி தூங்குறாரா? உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாரா?" என்று விசாரியுங்கள். ரேடியேஷன் பிரிவின் பலகையும் பக்கத்துக் கட்டில்காரரின் பேச்சும் பல நோயாளிகளுக்கு முன்பே பாதியைச் சொல்லியிருக்கும். அதற்குப் பிறகு தெளிவாக ஒரு வாக்குக் கொடுங்கள்: "நானாப் போய்ப் போட்டு உடைக்க மாட்டேன். அவரே கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்." பெரும்பாலும் குடும்பம் இதில் இறங்கி வரும்.

சட்டமும் நோயாளி பக்கம்தான். தானே முடிவெடுக்கும் நிலையில் உள்ள வயதுவந்தவருக்குப் பதிலாக உறவினர் தரும் சம்மதம் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. என்ன நோய் என்றே தெரியாதவரிடம் கீமோதெரபிக்குக் கைநாட்டு வாங்குவதும் சம்மதம் ஆகாது.

இனி நோயாளி. வலியில் துடிப்பவரிடம் எதையும் பேசாதீர்கள். மருந்து கொடுத்து வலி அடங்கட்டும். தனி அறை இல்லையென்றால் திரையாவது வேண்டும். செல்போனை அணைத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்காருங்கள். அரை மணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் தொடங்கவே வேண்டாம்.

சொல்வதற்கு முன் கேட்க வேண்டும். கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்வதற்கென 2000இல் வெளியான ஸ்பைக்ஸ் (SPIKES) முறையின் ஆறு படிகளுக்குள் இதற்கும் தனி இடம் உண்டு. "உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க ஐயா?" அடுத்து, "எல்லா விவரத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, பையன்கிட்ட சொன்னா போதுமா?" பையன்கிட்ட சொல்லுங்க என்றால் அதுவும் அவர் உரிமை. சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள், மனசு மாறியிருக்கலாம்.

தெரிய வேண்டும் என்றால், "ரிப்போர்ட் நாம நினைச்ச மாதிரி வரலீங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பார். அப்போது கேன்சர் என்ற சொல்லையே சொல்லிவிடுங்கள். கட்டி, புண் என்று சுற்றி வளைத்தால் அறுத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்பிப் போவார். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்: அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் சிகிச்சை விவரங்களை அடுக்குவார்கள், அவர் காதில் ஒன்றும் ஏறாது. அழுதால் அழட்டும், தண்ணீர் கொடுங்கள்.

எத்தனை மாசம் என்று கேட்டால் எண் சொல்லாதீர்கள். நாம் வழக்கமாகச் சொல்லும் மீடியன் எண் என்பது பாதிப் பேர் அதற்கு முன்பே போய்விட்ட கணக்கு. வீட்டில் அதைக் கெடுத் தேதியாக எடுத்துக்கொள்வார்கள். "வருஷக் கணக்கு இல்லீங்க, மாசக் கணக்கு" என்பது போல நேர்மையாக ஒரு வரம்பு சொல்லுங்கள். "இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது பொய். வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. மூச்சுத் திணறல், வாந்தி, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டியது நிறைய உண்டு. நோய் தீர்க்கும் சிகிச்சை நின்றாலும் நீங்கள் விலகப்போவதில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பத்திரப் பதிவு, மகள் கல்யாணம், கடன் பாக்கி போன்றவற்றை அவர் முடிக்க நினைக்கலாம். வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதிவைக்க விரும்பினால், உச்ச நீதிமன்றம் தன் வழிகாட்டு நெறிகளில் செய்த 2023 திருத்தத்தின்படி இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும்.

பேசிய அன்றே கேஸ் ஷீட்டில் என்ன சொன்னீர்கள், எந்தச் சொல்லில் சொன்னீர்கள், யார் உடன் இருந்தார்கள், அவர் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். நைட் டியூட்டி நர்ஸிடம் நேரிலும் சொல்லுங்கள். நோயாளி அடுத்த கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் ராத்திரியில், அந்த நர்ஸிடம்தான்.