சன்னமாக ஊதும்போது காற்று தளரக் கூடாது

கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் ட்ரம்பெட் பிடிக்கும் பையன்களில் பலர் கல்யாண பேண்டு செட்டில் பழகியவர்கள். மாரியம்மன் நோம்பி ஊர்வலத்தில் ட்ரம் சத்தத்தை மீறி ஊதிய உதடு அது. சேட் பேக்கர், ஆர்ட் ஃபார்மர், கென்னி வீலர் போன்ற ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர்களின் வாசிப்பில் இருக்கும் உள்ளடங்கிய கதகதப்பைத் தேடி வரும்போது எல்லாரும் முதலில் ஒரே இடத்தில் இடறுகிறார்கள்.

காற்றைத் தளர்த்துவது

"சன்னமா ஊது கண்ணு" என்றதும் மூச்சை விட்டுவிடுகிறார்கள். ஓட்டம் தளர்ந்தால் உதடு அதிராது. சுரம் இறங்கும், நடுநடுவே அறும். அதைத் தாங்கிப் பிடிக்க மவுத்பீஸை, அதாவது வாய் வைத்து ஊதும் முனையை, உதட்டில் அழுத்துகிறார்கள். அழுத்திய இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து உதடு இன்னும் மந்தமாகும். மேலும் அழுத்தத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். மாதக்கணக்கில் இது பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. "சத்தம் கொறஞ்சுதுங்களே, சரிதானுங்க?" என்று கேட்கும் பையனுக்குத் தலையாட்டி அனுப்பும் வாத்தியார்கள்மீதுதான் கோபம் வருகிறது. சத்தம் குறைந்தது உண்மை. நாதமும் கூடவே செத்துவிட்டதே!

சன்னமாக ஊதும்போது உதடுகளின் நடுவே உள்ள துளை சிறுக்க வேண்டும். போகும் காற்றின் அளவு குறையலாம், ஓட்டம் நிற்கக் கூடாது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். இசைத்தாளில் இரண்டாம் கோட்டில் வரும் ஜி, வால்வு எதையும் அழுத்தாமல். நாக்கை விட்டுவிட்டு 'ஹூ' என்று மூச்சாலேயே தொடங்குங்கள். 4 எண்ணிக்கை நடுத்தர ஒலி, அடுத்த 8-இல் படிப்படியாகக் குறையட்டும். ஸ்ருதி காட்டும் ட்யூனரின் முள் இறங்கினால் காற்று தளர்ந்திருக்கிறது. ஏறினால் உதடு இறுகியிருக்கிறது. ஊதிய நேரம் அளவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழ் சி வரை வாருங்கள். தினம் 10 நிமிடம் போதும்.

ஃப்ளூகல்ஹார்ன் வாங்கினால் தீரும் என்பது

தீராது. ஃப்ளூகல்ஹார்ன் ட்ரம்பெட்டுக்கு உறவான ஊதுகருவி. குழாய் கூம்பாக விரிவதாலும் மவுத்பீஸ் ஆழமாக இருப்பதாலும் நாதம் உருண்டு வரும். ஆனால் சுரம் எளிதில் வழுக்கும். தளர்ந்த காற்றை அது உடனே காட்டிக்கொடுக்கும். ட்ரம்பெட் மவுத்பீஸை அதில் செருகாதீர்கள். மவுத்பீஸைச் செருகும் தண்டின் அளவு வேறு.

ஹார்மன் மியூட்

ட்ரம்பெட்டின் வாயில் செருகி ஒலியை மாற்றும் அடைப்பான் இது. அதன் நடுவில் இருக்கும் தண்டைக் கழற்றிவிட்டு மைக்கை ஒட்டி ஊத வேண்டும். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஊதியது அப்படித்தான். ஸ்ருதி சற்று ஏறும், ஸ்ருதி சேர்க்கும் குழாயான ட்யூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுங்கள்.

எல்லாச் சுரத்திலும் வைப்ரேட்டோ

சுரத்தை லேசாக அலையவிடும் வைப்ரேட்டோ எங்கும் வேண்டாம். நீண்ட சுரத்தின் கடைசியில் போதும்.

மெட்டை நிரப்புவது

சொந்தமாக மெட்டுக் கட்டும்போது தெரிந்த சுரங்களையெல்லாம் கொட்டுகிறார்கள். மூச்சு வாங்கக்கூட இடமில்லை. ஒரே சுரத்தைப் பிடித்து, கீழே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை, மட்டும் மாற்றிப் பாருங்கள். பியானோவின் ஜி, சி மேஜரில் ஐந்தாவது. ஈ ஃபிளாட் மேஜரில் மூன்றாவது. ஏ ஃபிளாட் மேஜர் செவன்த்தில் ஏழாவது. சுரம் அசையாமலே மூன்று தடவை முகம் மாறும். ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு பார் (தாளச் சுற்று) கொடுங்கள். ட்ரம்பெட்டுக்குச் சுரத்தை ஒரு முழுச் சுரம் ஏற்றி எழுதுவதால், பியானோக்காரர் ஜி என்றால் ட்ரம்பெட்டில் அது ஏ: முதல் இரண்டு வால்வுகள்.