பவர் ஸ்டீயரிங்கில் வேறு ஆயிலை ஊற்றிவிட்டால்: அதற்கு மேல் செய்யக் கூடாத தவறுகள்

பவர் ஸ்டீயரிங் டேங்கில் பிரேக் ஆயிலையோ கூலன்ட்டையோ கைதவறி ஊற்றிவிட்டீர்களா? சாவியைத் தொடாதீர்கள். ஸ்டீயரிங்கையும் திருப்பாதீர்கள். ஊற்றிய தவறைச் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலைதான். "எதற்கும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே" என்ற ஆசைதான் அதைப் பெரிய செலவாக்குகிறது.

காரணம் எளிது. ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தால் உதவும் பவர் ஸ்டீயரிங்கில் பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின் பெல்ட். இன்ஜின் ஓடாதவரை நீங்கள் ஊற்றியதில் பெரும்பகுதி டேங்கிலேயே நிற்கும். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் அது பம்ப், பிரஷர் ஓஸ், ஸ்டீயரிங் ராக் (முன்சக்கரங்களைத் திருப்பும் பாகம்) என்று சுற்றி, ரிட்டர்ன் ஓஸ் வழியாகத் திரும்ப டேங்குக்கே வந்துவிடும். அதன் பிறகு டேங்கை மட்டும் காலி செய்து பயனில்லை, முழுச் சுற்றையும் கழுவ வேண்டும்.

ஊற்றக்கூடியவற்றில் மிக மோசமானது பிரேக் ஆயில். அதில் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் சார்ந்தவை. பிரேக்கில் உள்ள ரப்பர் சீல்கள் அதற்கேற்றவை. பவர் ஸ்டீயரிங் சீல்களோ பெட்ரோலிய எண்ணெய்க்காகச் செய்யப்பட்ட வேறு வகை ரப்பர், பெரும்பாலும் நைட்ரைல். பிரேக் ஆயில் பட்டால் அவை ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்டீயரிங் வழக்கம்போல் லேசாகவே சுற்றும், சத்தமும் இருக்காது. "ஒன்றும் ஆகவில்லையே" என்று ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள். பின்னால் ஒருநாள் ராக் ஒழுகத் தொடங்கும்போது, பழைய சம்பவத்தோடு யாரும் அதை முடிச்சுப் போடுவதில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. பவர் ஸ்டீயரிங் ஆயில் பிரேக் டேங்கில் விழுந்தால், கொஞ்சமே என்றாலும் பிரேக் சீல்கள் உப்பிவிடும். பிரேக் பிடித்தபடியே நிற்கலாம், பிடிக்காமலும் போகலாம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகக் கூடாது, கட்டி இழுத்தோ ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

கூலன்ட், வைப்பர் தண்ணீர் இரண்டிலும் பிரச்சினை தண்ணீர்தான். பம்ப்புக்கு வேண்டிய வழவழப்பு கிடைக்காது, உள்ளே துருவும் பிடிக்கும். இன்ஜின் ஆயில் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் சாது. சீல்களை உடனே கெடுக்காது. ஆனால் குளிரில் கெட்டியாகும், நுரைக்கலாம். அதையும் எடுத்துவிட்டு மாற்றத்தான் வேண்டும், ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை.

குழப்பம் அதிகமாக வருவது ஏ.டி.எஃப். விஷயத்தில். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான இந்தச் சிவப்பு ஆயிலைத்தான் பல வண்டிகளின் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஊற்றச் சொல்கிறார்கள். அதனால் எல்லா வண்டிக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஹோண்டா தனக்கென்று ஒரு பவர் ஸ்டீயரிங் ஆயிலைக் கேட்கும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்குப் பச்சை நிற சின்தெடிக் ஹைட்ராலிக் ஆயில், உதாரணமாக சி.எச்.எஃப். 11எஸ். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட பாட்டிலை நான் நம்புவதில்லை. பின்பக்கப் பொடி எழுத்தில் உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் அதே தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

நிறத்தை வைத்து முடிவெடுப்பதும் தவறு. நிறம் வெறும் சாயம். கூலன்ட்டிலும் சிவப்பு உண்டு, பச்சை உண்டு. பழைய ஆயிலோ எதுவாக இருந்தாலும் பழுப்பாகிவிடும். மூடியைப் படியுங்கள்: பவர் ஸ்டீயரிங் மூடியில் பெரும்பாலும் ஸ்டீயரிங் சக்கரப் படம் இருக்கும், பிரேக் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். மிச்ச ஆயிலைப் பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், எவ்வளவு தேடியும் டேங்கே கிடைக்கவில்லையா? உங்கள் வண்டியில் அது இல்லாமலே இருக்கலாம். இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவை எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். மோட்டார்தான் உதவுகிறது, ஆயிலே கிடையாது. "எங்காவது இருந்தாக வேண்டும்" என்று தேடிக் கண்டுபிடிக்கும் டேங்க் வேறு எதற்கோ உரியதாக இருக்கும்.

சரி, ஊற்றியதை எடுப்பது எப்படி? ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் பெரிய சிரிஞ்சால் டேங்கை அடிவரை உறிஞ்சி எடுங்கள். ஊற்றியது பிரேக் ஆயில் என்றால் அதோடு நிறுத்த வேண்டாம். ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, டேங்கில் அந்த ஓஸ் மாட்டும் வாயை அடைத்து, முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே, டேங்க் வற்றாமல் சரியான ஆயிலை ஊற்றி வாருங்கள். சுத்தமான ஆயில் வெளியே வரும்வரை இது நடக்க வேண்டும். நல்ல ஆயிலை மேலே ஊற்றி "கலந்து நீர்த்துவிடும்" என்று விடுவது வைத்தியமில்லை, உள்ளே போனது உள்ளேயேதான் இருக்கிறது.

ஓஸை மாட்டி அளவு சரிசெய்த பிறகும் அதேபோல் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் பால்போல் நுரைத்தாலோ பம்ப் முனகினாலோ உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அணைத்து, நுரை அடங்கவிட்டுத் தொடருங்கள். முழுக் கோடியில் ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்தபடி நிற்காதீர்கள், பம்ப் சூடேறும்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் எதை, எவ்வளவு ஊற்றினீர்கள், எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "சும்மா சத்தம் வருது" என்றால் அவர் பெல்ட்டிலிருந்து தேடத் தொடங்குவார், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டும்.

ஊற்ற வேண்டிய தேவையே ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் எரிந்து தீர்வதில்லை. அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஓஸ் இணைப்புகளையும், ராக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறைகளையும் தடவிப் பாருங்கள். உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ராக் சீல் போய்விட்டது, டாப் அப் செய்து ஓட்டும் கட்டம் முடிந்தது.