80-லேயே நிற்கும் ஷார்ட்ஹேண்ட் ஸ்பீடை நகர்த்துவது எப்படி?

“அக்கா, 80-ஐத் தாண்டவே மாட்டேங்குது.” ஷார்ட்ஹேண்ட், அதாவது பேசப் பேசக் குறிகளால் வேகமாக எழுதும் சுருக்கெழுத்து, படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். 80 என்பது நிமிடத்துக்கு 80 வார்த்தை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது வரும்: “கிளாஸ்ல நல்லா வருது, எக்ஸாம் ஹால்ல கை நடுங்குது.” இரண்டும் தனித்தனிக் கோளாறு என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வார்த்தையில் தடுக்கியதும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்வது பிட்மன் ஆங்கில ஷார்ட்ஹேண்ட். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. ஸ்டெனோகிராபர் (சுருக்கெழுத்தர்) தேர்வில் கிரேடு டி-க்கு நிமிடத்துக்கு 80 வார்த்தை, கிரேடு சி-க்கு 100. இரண்டிலும் டிக்டேஷன் 10 நிமிடம். கோர்ட்டில் நீதிபதி சொல்லச் சொல்ல எழுதும் ஸ்டெனோவாக ஆசைப்படுபவர்களுக்கும் பயிற்சி இதேதான்.

1. தடுக்கும் வார்த்தையைப் பிடியுங்கள்

இதுவரை எழுதாத ஒரு பாராவை 3 நிமிடம் எழுதுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, விட்ட இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் பெரும்பாலும் ‘இன் தி’, ‘ஆஃப் இட்’ என்று சுலபமான வார்த்தைகளாகத்தான் இருக்கும். அவற்றைத் திட்டிப் பயனில்லை. இரண்டு மூன்று வார்த்தை பின்னால் போய்ப் பாருங்கள், அங்கே ஒரு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ உட்கார்ந்திருக்கும். 80 ஸ்பீடில் ஒரு வார்த்தைக்கு முக்கால் நொடிதான். அதன் வடிவத்தை யோசித்து 2 நொடி நின்றால் அடுத்த இரண்டு மூன்று வார்த்தைகள் போய்விடும்.

ஒவ்வொரு நாளும் அகப்படும் ஐந்தாறு வார்த்தைகளைத் தனி நோட்டில் குறித்து, கை யோசிக்காமல் போடும் வரை எழுதுங்கள். தனியாக ஒரு வரி எழுதினால் போதாது, வாக்கியத்தில் வைத்தும் எழுதுங்கள். ‘லேர்ன்ட் கவுன்சல் ஃபார் தி பெட்டிஷனர்’ போன்ற கோர்ட் தொடர்களை ஒரே குறியாகச் சேர்த்தெழுதப் பழகுவது தனி லாபம். ஒரு தீர்ப்பில் அது எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பாருங்கள்!

2. வேகத்தை ஏற்றி இறக்குங்கள்

தினமும் 80-லேயே எழுதினால் கை 80-க்கே பழகிவிடும். 200 வார்த்தையுள்ள ஒரு பகுதியை எடுத்து, 20 வார்த்தைக்கு ஒரு கோடு போடுங்கள். 80 ஸ்பீடில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 15 நொடி, 100-ல் 12 நொடி. முதலில் 80-ல் எழுதுங்கள், அப்புறம் இரண்டு முறை 100-ல், கடைசியாக 90-ல். 100-ல் எழுத்து அலங்கோலமாகத்தான் வரும், வரட்டும். ஆனால் வடிவங்கள் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதற்றம் வந்தால் கோடுகள் நீளும், நீண்டால் நேரம் தின்னும்.

ஒரே பாராவைப் பத்து முறை எழுதி “100 வந்துடுச்சு” என்று சொல்லாதீர்கள். அங்கே எழுதுவது உங்கள் ஞாபகம். ஸ்பீடை அளப்பது புதுப் பாராவில் மட்டும்.

3. விடப் பழகுங்கள்

என் முதல் தேர்வில் நான்காவது நிமிடம் ஒரு வார்த்தை புரியவில்லை. அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது மூன்று வாக்கியம் போயிருந்தது. 80 ஸ்பீடில் 10 நிமிடத்துக்கு 800 வார்த்தை. அதில் 12 போனால் ஒன்றரை சதவீதம். அந்த 12-ஐத் துரத்திப் போய் 40-ஐ விட்டால் 5 சதவீதம்.

அதனால் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள், தம்பியோ சித்தியோ, குரல் பழக்கமில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் ஏதாவது ஒரு வாக்கியத்தை, முன்கூட்டிச் சொல்லாமல், கடகடவென்று வாசிக்க வேண்டும். அது கைநழுவியதும் இரண்டு வரி காலியாக விட்டு, காதில் விழும் அடுத்த வார்த்தையில் ஏறிக்கொள்ளுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். டிவி ஓடட்டும், குக்கர் விசில் அடிக்கட்டும், நிறுத்தாதீர்கள்.

4. தேர்வு நாள்

சீவிய பென்சில் இரண்டு மூன்று. முடிந்தால் உள்ளே போகும் முன் 5 நிமிடம் கிராமலாக் (அடிக்கடி வரும் வார்த்தைகளுக்கான சுருக்கக் குறிகள்) எழுதிக் கையைச் சூடாக்குங்கள். பக்கத்தின் கடைசி வரிகளை எழுதும்போதே இடது கை அடுத்த தாளின் மூலையைப் பிடித்திருக்க வேண்டும். இதையும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

டிக்டேஷன் முடிந்ததும் உடனே டைப் அடிக்கப் பாயாதீர்கள். கிரேடு டி-யில் ஆங்கிலத்துக்கு 50 நிமிடம் தருகிறார்கள், 800 வார்த்தைக்கு நிமிடத்துக்கு 16 வார்த்தைதான் ஆகிறது. முதலில் நோட்ஸ் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். எட்டாவது நிமிடத்தில் தெளிவாக எழுதிய ஒரு பெயர், இரண்டாவது நிமிடத்தில் கிறுக்கி வைத்தது என்னவென்று காட்டிக்கொடுக்கும்.